படகில் இருப்பவளின் வீட்டு முகவரி

அத்தியாயம் 14

"மம்மி, நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். சின்ன ரூம் கதவைத் திறந்து, மேஜையைக் காட்டி, 'இது சோஃபியா ரூம்'னு சொல்லுங்க. அவ்ளோதான். அது உண்மைதானே?"

வியாழக்கிழமை காலை எட்டு மணி. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீடியோ காலில் பேசினாள் சோஃபியா. அவள் தலைக்கு மேலே தெரிந்த மரக்கூரையில் காயல் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

பெர்னதெத் அடுப்பைத் தணித்தாள்.

"அவர் எத்தனை மணிக்கு வர்றார்?"

"மூணு மணிக்கு. உத்தமன்னு பேரு, என் மேனேஜர். நல்ல மனுஷன்தான். வீட்லேர்ந்து வேலை செய்யற எல்லார் வீட்டுக்கும் போய், இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். அந்த நேரத்துல நான் பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு அவருக்கு மெசேஜ் அனுப்பிடறேன். அந்தப் பொய் என்னோடது. உங்களோடது இல்ல."

"பொய்யைக்கூடப் பங்கு பிரிச்சுட்டியா?"

"மம்மி, ப்ளீஸ்."

ஐந்து மாதத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பெங்களூர் ஜீவனஹள்ளியில் இதே வீட்டில் பதினோரு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சோஃபியா விஷயத்தை உடைத்தாள். கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த அவள் கணவன் க்ளென், ஆலப்புழைப் பக்கம் படகுகளுக்கு சோலார் பேனல் மாட்டும் வேலையில் இறங்கியிருந்தான். அங்கேயே ஒரு பழைய மரப்படகைப் பிடித்துச் சரிசெய்திருந்தான். ஜனவரியிலிருந்து இருவரும் அந்தப் படகிலேயே குடியிருக்கப் போவதாகவும், தன் பெங்களூர் ஆபீஸ் வேலையை அங்கிருந்தே லேப்டாப்பில் பார்க்கப் போவதாகவும் சோஃபியா சொன்னாள்.

"அஞ்சு வருஷக் கல்யாணத்துல நாங்க ஒண்ணா இருந்தது மொத்தம் பதினாலு மாசம் டாடி. எண்ணிப் பார்த்தேன்" என்றாள்.

ஜெயராஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "தண்ணி மேல குடித்தனம் பண்றவ இந்த வீட்டுப் படி ஏற வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சோஃபியாவும் அவர் பெண்தான். அதற்குப் பிறகு ஏறவில்லை.

பெர்னதெத் தினமும் மகளோடு பேசினாள். ஆனால் படகைப் பார்க்கப் போகவில்லை. கணவர் முறுக்கிக்கொண்டு நிற்கும் இடத்துக்குத் தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தாள். க்ளென் இரண்டு முறை கூப்பிட்டும் மறுத்துவிட்டாள். பிறகு அவன் கூப்பிடவில்லை.

இத்தனையும் நடந்திருக்க, ஆபீஸுக்கு சோஃபியா கொடுத்திருந்தது இந்த ஜீவனஹள்ளி வீட்டு முகவரிதான் என்பது பெர்னதெத்துக்கு இன்று காலைதான் தெரியும். படகைப் பற்றி ஆபீஸில் ஒரு ஆளுக்கும் தெரியாது.

"பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள்.

இருபத்தேழு வருஷமாகக் கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும் விடைத்தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். 'இது சோஃபியா ரூம்.' சரியான வரிதான். அந்த வரி எங்கே போய் முடியும் என்பதில்தான் தப்பு இருந்தது.

மே மாத விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. ஜெயராஜ் மீன் வாங்க சிவாஜிநகர் கிளம்பிப் போனார். மூன்று மணிக்குள் ஏதாவது ஒரு வழி தோன்றும் என்று பெர்னதெத் சின்ன ரூமைக் கூட்டிப் பெருக்கினாள். மேஜையைத் துடைத்தாள். துடைக்கும்போதே, எதற்காகத் துடைக்கிறோம் என்று கையை நிறுத்தினாள். பிறகு மறுபடி துடைத்தாள்.

பத்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது.

வாசலில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"சோஃபியா வீடுதானே மேடம்? நான் உத்தமன், அவங்க ஆபீஸ். மூணு மணின்னு சொல்லியிருந்தேன். ஃப்ரேசர் டவுன்ல ஒரு வீடு பார்க்க வேண்டியிருந்தது, அது சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. மறுபடி பொம்மசந்திரா ஆபீஸ் போய்த் திரும்பி வர்றதுன்னா ட்ராஃபிக்லயே பொழுது போயிடும். அதான் நேரா வந்துட்டேன். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"உள்ளே வாங்க. உட்காருங்க."

வேறு என்ன சொல்வது?

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து லேப்டாப்பை டீப்பாய் மேல் வைத்தார். மூடியிருந்த சின்ன ரூம் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பதினொரு மணிக்கு எங்க டீம் கால் இருக்கு. அவங்க உள்ளே தயாராகிட்டு இருப்பாங்க, கூப்பிட வேணாம். நானும் இங்கிருந்தே முடிச்சுடறேன். அப்புறம் ரூமை ஒரு பார்வை பார்த்துட்டுக் கிளம்பறேன்."

"காபி கொண்டு வர்றேன்" என்று பெர்னதெத் சமையலறைக்குள் போனாள். சோஃபியாவின் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 'உத்தமன் வந்துவிட்டார், ஹாலில் இருக்கிறார்' என்று மெசேஜ் அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் கோப்புகளைப் பார்க்கிற வேலை. வேலை நேரத்தில் பக்கத்தில் ஃபோன் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை சோஃபியா ஒரு நாளும் மீறியதில்லை. காலையில் ஃபோனை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். மகள் எதில் நேர்மையாக இருக்கிறாளோ அதுவே இப்போது காலை வாரிவிட்டது.

காபியோடு ஹாலுக்கு வந்தபோது கால் தொடங்கியிருந்தது.

திரையில் ஏழெட்டு முகங்கள். கீழ் வரிசையில் சோஃபியா. அவளுக்குப் பின்னால் இந்த ஹாலின் சுவர். இயேசுவின் திருஇருதயப் படம், அதன் கீழே சிவப்பு பல்பு, பச்சை வண்ண ஷோகேஸ், ஜன்னலில் தொங்கும் கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரம். டிசம்பரில் வந்திருந்தபோது எடுத்த ஃபோட்டோ. அதையே ஐந்து மாதமாகத் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உத்தமன் திரையைப் பார்த்தார். நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். படம் இருந்தது. ஷோகேஸ் இருந்தது. ஜன்னலில் நட்சத்திரம் இல்லை.

சோஃபியா பேசத் தொடங்கினாள். குரல் லேப்டாப்பிலிருந்து மட்டும் வந்தது. நாலே அடி தள்ளியிருந்த சின்ன ரூம் கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து, லேப்டாப்புக்குள்ளிருந்து நீளமாக ஒரு ஹாரன். பயணிகள் படகு எங்கோ பக்கத்தில் கடந்து போயிருக்க வேண்டும். சோஃபியா லேசாக ஆடினாள். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சுவர் கிழிந்து, ஒரு விநாடி பளீரென்று தண்ணீர் தெரிந்தது.

"என்ன சத்தம் சோஃபியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெருவுல லாரி. ரிவர்ஸ் எடுக்குது" என்றாள் சோஃபியா.

ஜீவனஹள்ளித் தெருவில் கீரை விற்கும் சொப்புக்காரி ஒருத்தி வெந்தயக்கீரை என்று குரல் கொடுத்துக்கொண்டு போனாள். வேறு ஓசை இல்லை.

மகள் பொய் சொல்லிக் கேட்பது பெர்னதெத்துக்குப் புதிதல்ல. எந்தத் தாய்க்கும் புதிதல்ல. ஆனால் அது அவள் உட்கார்ந்து ஜெபம் சொல்லும் ஹாலுக்குள், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, அவர் காதிலும் விழுந்தது. காபித் தம்ளரை டீப்பாய் மேல் வைத்தாள்.

உத்தமன் கேமராவை அணைத்தே வைத்திருந்தார். ஒரு வார்த்தையும் வித்தியாசமாகப் பேசவில்லை. யார் யார் என்ன முடிக்க வேண்டும் என்று சொன்னார், நன்றி சொன்னார், முடித்தார். லேப்டாப்பை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அந்த ஸ்டாரை வெச்சு டீம்ல கிண்டல் பண்ணுவோம் மேடம். ஈஸ்டரே முடிஞ்சாச்சு, சோஃபியா வீட்டுல மட்டும் இன்னும் கிறிஸ்துமஸ்னு." அவர் சிரிக்க முயன்றார். பிறகு கேட்டார். "சோஃபியா எங்க இருக்காங்க?"

பெர்னதெத் எழுந்து போய்ச் சின்ன ரூம் கதவைத் திறந்தாள். மேஜை, நாற்காலி, மேலே மின்விசிறி. துடைத்த ஈரம் மேஜையில் இன்னும் முழுதாகக் காயவில்லை.

"இது சோஃபியா ரூம்" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் வாசற்படியில் நின்று, வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை ஆட்டியதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"ஆனா அவ இங்க இல்ல. ஜனவரியிலேர்ந்து ஆலப்புழைப் பக்கம் ஒரு படகுல இருக்கா. அவ வீட்டுக்காரரோட. வேலையும் அங்கிருந்துதான் செய்யறா."

"யாரு பெர்னா இவரு?"

வெளிவாசலில் ஜெயராஜ். கையில் மீன் வைத்த வயர் கூடை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

பெர்னதெத் விஷயத்தைச் சொன்னாள். சோஃபியா என்ற பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர். இப்போது வந்தவர் முன்னாலேயே என்ன கத்தப் போகிறாரோ!

ஜெயராஜ் கூடையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உத்தமனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உட்காருங்க சார். படகுன்னதும் நீங்க இன்னா நெனைக்கிறீங்க? மூங்கில் பாய் போட்டு டூரிஸ்ட் போவாங்களே, அதுவா? அது முப்பத்தெட்டு அடி சார். முன்னால ஒரு ரூம், பின்னால ஒரு ரூம். முன் ரூம் அவ வேலைக்கு மட்டும்தான். வேலை நேரத்துல மாப்பிள்ளைகூட உள்ளே வர முடியாது. பேஷன்ட் விஷயம் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? உள்பக்கம் தாழ்ப்பா. வெளிப்பக்கம் பூட்டு. பேருக்குப் போட்ட பூட்டு இல்ல சார், பித்தளை. ஈரக் காத்துக்குத் துரு ஏறாது. நானே ட்ரில் போட்டு மாட்டினது."

அவர் குரல் அந்த இடத்தில் நின்றது.

நானே.

பெர்னதெத் கணவரைப் பார்த்தாள். ஜெயராஜ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

மார்ச் மாதம் முதல் வாரம், கூட வேலை பார்த்த முனியப்பன் மகள் கல்யாணம் என்று சொல்லி வாணியம்பாடிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கழுத்தும் முன்கையும் வெயிலில் கறுத்திருந்தன. "கல்யாணத்துல வெயில்லயா நிக்க வெச்சாங்க?" என்று அவள்கூடக் கேட்டாள். அவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

உத்தமனுக்குப் புரிந்திருக்க வேண்டும். இருவர் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டார்.

"நான் கிளம்பறேன் சார். திங்கக்கிழமை காலையில ரிப்போர்ட் குடுக்கணும். ரூம், பூட்டு எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கும், நம்பறேன். ஆனா முகவரி தப்பாச்சே. அதை நான் மறைச்சு, நாளைக்கு வெளியே தெரிஞ்சா என் வேலையும் சேர்ந்து போகும்."

பெர்னதெத் கேட் வரை கூட வந்தாள். அவர் ஸ்கூட்டரில் ஏறினார். ஹெல்மெட்டை மாட்டப் போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரூமைக் காட்டினதோட நீங்க நிறுத்தியிருந்தா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஆனா நீங்க வாயால சொல்லலேன்னா, எனக்குத் தெரியாதுன்னு நானும் இருந்திருக்கலாம்."

ஸ்கூட்டர் போன பிறகும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சமையலறையில் ஜெயராஜ் மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் செய்யாத வேலை.

"முனியப்பன் மகளுக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா?" என்று கேட்டாள் பெர்னதெத்.

"ஆச்சு. போன வருஷம்."

"போன வருஷமா!"

அவர் குழாயை மூடினார். "எஞ்சின் புகையுதுன்னு க்ளென் ஃபோன் பண்ணான் பெர்னா. முப்பது வருஷம் டீசல் எஞ்சின்ல கையை வெச்சவன் நான். ஃபோன்ல சொன்னா அவனுக்குப் புரியல. நேர்ல போய்ப் பார்த்தேன்."

"சோஃபியாகிட்ட பேசினீங்களா?"

"மொத நாள் பேசல. ரெண்டாம் நாள் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுக்கினு உட்கார்ந்திருந்தேன். நான் கேக்காமலே சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினா." அவர் மீனைத் தட்டில் எடுத்து வைத்தார். "சின்ன வயசுல நான் வேலை பார்த்த ஷெட்டுக்கு வந்து நிப்பாளே, அப்ப கத்துக்கினது. அதுக்கு மேல எப்படிப் பேசாம இருக்கிறது?"

"அப்புறம்?"

"அப்புறம் தினம் சாயந்திரம் வாக்கிங் போறப்ப ஃபோன்ல பேசுவேன்."

ஐந்து மாதமாகச் சாயந்திரம் ஐந்தரை மணிக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, கோபத்தை நடந்து தணித்துக்கொள்ளப் போகிறார் என்று பெர்னதெத் நினைத்திருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஜெயராஜ் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு மறைக்க வராது பெர்னா. கோயில் வாசல்ல, அன்னிக்குச் சாப்பிட வந்த பிரிஜெட் ஒரு கேள்வி கேட்டா போதும், உன் மூஞ்சியே சொல்லிடும். பதினோரு பேர் முன்னால நான் அன்னிக்கு அந்த வார்த்தையை விட்டேன். மூணே மாசத்துல நானே போய் நின்னேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா… விடு. என் வறட்டு கௌரவம்தான்."

"சோஃபியாவும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான்தான் வேணாம்னேன்."

"உங்க கோபத்துக்கு மரியாதை குடுத்து நான் என் பொண்ணு வீட்டைப் பார்க்காம இருந்தேன். கோபம் எப்பவோ போயிடுச்சு. நான் மட்டும் இங்க உட்கார்ந்து காவல் காத்துக்கிட்டிருந்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயராஜுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் அவள் நுழையும்போது சட்டென்று மாறும் பேச்சு. அவள் தம்பி வேலையை விட்டது அவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. 'பெர்னதெத்கிட்ட பொய் எடுபடாது' என்று ஊரில் சொல்வதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுபடாது என்பதால்தான் எல்லோரும் அவளைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று இதுவரை தோன்றியதே இல்லை. அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு சோஃபியா கூப்பிட்டாள். உத்தமன் அவளிடம் பேசியிருந்தார்.

"மம்மி, அந்த ஒரு வரி போதும்னு சொன்னேனே!"

"அந்த வரியைச் சொன்னேன். அதோட வாய் நிக்கல."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்றார். ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடி நானே எச்ஆர்ல ஒத்துக்கிட்டா, எச்சரிக்கையோட விடலாமாம். இல்ல, அன்னிக்கே லேப்டாப்பை வாங்கிக்கலாமாம். அவருக்கே தெரியல." அவள் மூச்சு ஏறி இறங்கியது. "ஒம்பது வருஷம் மம்மி. ஒரு ஃபைல்ல ஒரு தப்பு விட்டதில்ல. எங்க உட்கார்ந்து செஞ்சா என்ன?"

"என்ன சத்தம்னு கேட்டப்ப நீ லாரின்னு சொன்னியே, சோஃபி. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."



"சாரி மம்மி."

"டாடி அங்க வந்ததை நீயும் மறைச்சே."

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள் சோஃபியா. "எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். நீங்க வருவீங்க வருவீங்கன்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். டாடிகூட வந்துட்டார், மம்மி வரலையேன்னு… உங்களுக்குத்தான் என்மேல நிஜமான கோபம்னு நெனைச்சுக்கிட்டேன்."

கோபமே இல்லாமல் பெர்னதெத் ஐந்து மாதம் கோபக்காரியாக இருந்திருக்கிறாள்.

"சனிக்கிழமை காலை வண்டியில வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"எங்கேன்னா? உன் வீட்டுக்கு. எர்ணாகுளத்துல யாராவது வந்து நில்லுங்க. ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பி வருவோம். இங்க ராத்திரி தங்கு. திங்கக்கிழமை நானும் உன்கூட ஆபீஸ் வாசல் வரைக்கும் வர்றேன்."

"இங்கன்னா… நம்ம வீட்லயா? டாடி அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கவே இல்ல மம்மி. படகுல வந்து சாப்பிட்டார், எல்லாம் செஞ்சார். வீட்டுக்கு வான்னு மட்டும் சொல்லல."

பெர்னதெத் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சமையலறைப் பக்கம் திரும்பினாள். ஜெயராஜ் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நானும் சோஃபியாவும் இந்த வாசல்ல வந்து நிப்போம்" என்று அவரிடம் சொன்னாள். "அப்ப நீங்க ஏதாவது சொல்லணும். பதினோரு பேரையும் கூப்பிட வேண்டாம். தெருவுக்குக் கேட்டா போதும்."

ஜெயராஜ் தலையை அசைத்தார். சரி என்றா, முடியாது என்றா என்று அந்த அசைவில் தெரியவில்லை.

மத்தியானம் இருவரும் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். ஐந்தரை மணிக்கு அவர் வழக்கம்போலச் செருப்பை மாட்டினார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்து டி.வி.யைப் போட்டார்.

சற்று நேரத்தில் பெர்னதெத்தின் ஃபோன் அடித்தது. க்ளென்.

அவனாக அவளைக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகிறது. அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு சின்ன ரூமுக்குள் போனாள்.

"மம்மி, நீங்க வர்றீங்கன்னு சோஃபி சொன்னா. ரொம்ப சந்தோஷம்." காற்றின் இரைச்சலுக்கு நடுவில் பேசினான். படகிலிருந்து இறங்கிக் கரையில் எங்கோ தள்ளி நிற்கிறான் என்று தெரிந்தது. "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு க்ளென்."

"பழைய கப்பல் கம்பெனியிலேர்ந்து போன வாரம் கூப்பிட்டாங்க. ஒன்பது மாசக் கான்ட்ராக்ட். வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன். சத்தியமா. ஆனா மழை ஆரம்பிச்சா இங்க பேனல் வேலை நின்னுடும். சோஃபி வேலை ஒண்ணுதான் ஆதாரம். இன்னிக்கு அவ ஆபீஸ்ல எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னதும்…" அவன் நிறுத்தினான். "மத்தியானம் சரின்னு மெயில் அனுப்பிட்டேன் மம்மி. ஜூன் பதினஞ்சு கொச்சியில கப்பல் ஏறணும்."



"சோஃபியாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. டாடிக்கும் தெரியாது. திங்கக்கிழமை அவ அந்த மீட்டிங்கை முடிச்சுட்டு வரட்டும். இப்ப சொன்னா, படகு வேணாம், வேலையும் வேணாம்னு எல்லாத்தையும் விட்டெறிஞ்சுடுவா. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. நீங்க ஒருத்தர்தான் இன்னிக்கு நேரா பேசினீங்க."

பதினாலு மாதம். எண்ணிப் பார்த்தேன் என்றாளே. அந்தக் கணக்கை நீட்டத்தான் சோஃபியா இத்தனை பொய்யும் சொன்னாள். காலையில் தான் சொன்ன ஒரு உண்மை அதை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்று பெர்னதெத் நினைத்துப் பார்த்தாள். க்ளென் செய்தது தப்பு, இப்போதே போய் அவளிடம் சொல் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பக்கம் பலகையில் யாரோ ஓடிவரும் சத்தம். ஃபோன் கை மாறியது.

"மம்மியா? இவன் எதுக்கு இவ்ளோ தூரம் வந்து நின்னு பேசறான்? ரெண்டு பேரும் என்ன ரகசியம்?" சோஃபியா சிரித்தாள். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

"ரகசியமா? ஒண்ணுமில்ல சோஃபி" என்றாள் பெர்னதெத். "எர்ணாகுளத்துல வண்டி எத்தனை மணிக்கு வரும்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. சோஃபியா அப்படியே நம்பினாள். நேரத்தைச் சொன்னாள். எந்தப் பக்கம் இறங்கி எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னாள். பெர்னதெத் எல்லாவற்றுக்கும் "சரி" "சரி" என்று சொல்லிக்கொண்டே, இது இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாமல் போயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.